வலங்கைமான் பக்கம் நாலைந்து பெற்றோர் சேர்ந்து பள்ளி தொடங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நாற்றங்கால் | ஏப்ரல் 20, 2025

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், திட்டாதீர்கள்.

நாங்கள் இருப்பது திருவாரூர் மாவட்டத்தில் வலங்கைமானுக்கும் குடவாசலுக்கும் நடுவில் ஒரு கிராமம். கொரோனா சமயத்தில் சென்னையிலிருந்து மாமியார் வீட்டுக்கு வந்தவர்கள் அப்படியே தங்கிவிட்டோம். பையனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு முடிக்கிறான். காலை ஏழேகாலுக்கு வேன் ஏறினால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் இறங்குவான். போன வருஷம் மேட்டூரை ஜூலை 28தான் திறந்தார்கள், ஞாபகம் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை. அதை டிவியில் பார்த்துவிட்டு மறுநாள் வகுப்பில் "அந்தத் தண்ணி எங்க ஊர் வாய்க்காலுக்கு என்னைக்கு வரும் மிஸ்?" என்று கேட்டிருக்கிறான். "அது போர்ஷன்ல இல்ல, உட்காரு." அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவன் என்னைக் கேட்டது தண்ணீரைப் பற்றி இல்லை. "போர்ஷன்னா என்னம்மா?"

அந்த மிஸ்ஸைக் குறை சொல்லவில்லை. ஒரு வகுப்பில் 42 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? எனக்கே பதில் தெரியாது, "முதல்ல ஹோம்வொர்க்கை முடி" என்றுதான் நானும் சொன்னேன். ஆனால் மூன்று வயதில் வாயை மூடாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை இப்போது என்னிடம் கேட்கிற ஒரே கேள்வி "இது எக்ஸாம்ல வருமா" என்பதுதான் என்று கவனித்ததிலிருந்து மனசு சரியில்லை.

எங்களைப் போலவே புலம்பிக்கொண்டிருந்த ஐந்து குடும்பம் சேர்ந்திருக்கிறோம். மொத்தம் பதினோரு பிள்ளைகள். மாமியாருக்கு ஆற்றங்கரையை ஒட்டி ஒரு மாந்தோப்பு இருக்கிறது. அதில் இரண்டு கீற்றுக் கொட்டகை போட்டு, பரீட்சை, ரேங்க் எதுவும் இல்லாமல், ஐந்தாம் வகுப்பு வரை தமிழில், ஆங்கிலத்தைப் பேச்சாகவே பழக்கி, வயல், சமையல், தச்சு எல்லாம் சேர்த்து ஒரு பள்ளி. ஜூனில் தொடங்கலாம் என்று ஆசை. அனுமதி வாங்க வேண்டுமா, ஆசிரியர் எங்கே கிடைப்பார்கள், பத்தாம் வகுப்புக்கு என்ன வழி, எவ்வளவு செலவாகும்? யாராவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள், ப்ளீஸ்.

டெல்டாக்காரன் | ஏப்ரல் 20

அருமை சகோதரி! துபாயில் உட்கார்ந்துகொண்டு படிக்கும்போதே மண் வாசனை வருகிறது. நம்மிடம் இல்லாததா? நம் தஞ்சைச் சீமையில் தெருவுக்குத் தெரு திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது. பரீட்சை கிடையாது, சீருடை கிடையாது, மணலில் எழுதி, வாயால் பாடிப் படித்தார்கள். வெள்ளைக்காரன் வந்துதான் எல்லாம் கெட்டது. நீங்கள் செய்வது புதுசே இல்லை, பழசை மீட்பது. நன்கொடை வேண்டுமென்றால் சொல்லுங்கள், பத்தாயிரம் என் கணக்கு.

பழைய வாத்தியார் | ஏப்ரல் 21

தம்பி டெல்டாக்காரரே, பத்தாயிரத்தை அனுப்புங்கள், ஆனால் திண்ணையை விட்டுவிடுங்கள். என் தாத்தா அதில் படித்தவர். விடியுமுன் முதலில் வருகிற பையனுக்கு ‘வேத்தான்’ என்று பெயர், அவனுக்குக் கையில் ஒரு தடவல். அடுத்து வருகிறவனுக்கு ஒரு அடி, அதற்கடுத்தவனுக்கு இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். பாடம் சொல்லாதவனைக் கயிற்றில் தொங்கவிடுவதற்குக் கோதண்டம் என்று பெயர். எண்சுவடியை, அதாவது வாய்ப்பாட்டை, தலைகீழாக ஒப்பிப்பார்கள், நினைவாற்றலில் அவர்களை மிஞ்ச முடியாது, அது உண்மை. ஆனால் "ஏன்" என்று கேட்ட பிள்ளைக்கு அங்கே இடம் இருந்ததாக என் தாத்தா சொல்லவில்லை. இன்னொன்று, அந்தத் திண்ணையில் எந்தத் தெருப் பிள்ளைகள் ஏற முடிந்தது என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? (சட்டாம்பிள்ளையை வைத்துப் பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே சொல்லிக்கொடுக்கிற வழக்கத்தைச் சென்னையில் நடத்திப் பார்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர் ஆண்ட்ரூ பெல். அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர். அந்த மட்டில் பெருமைப்பட்டுக் கொள்ளலாம்.)

நாற்றங்கால் அம்மா, உங்களுக்கு வருகிறேன். நான் நன்னிலம், குடவாசல் ஒன்றியங்களில் 34 வருஷம் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்தவன். நீங்கள் கேட்கிற மாதிரிப் பள்ளி ஏற்கெனவே அரசாங்கத்தில் நடந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? செயல்வழிக் கற்றல். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. மூல யோசனை ஆந்திராவில் ரிஷி வேலிப் பள்ளிக்காரர்கள் சுற்றுக் கிராமங்களில் நடத்திக்கொண்டிருந்த ஓராசிரியர் பள்ளிகளில் இருந்து வந்தது. பெஞ்சு இல்லை, பாயில் வட்டமாக உட்காருவார்கள். சுவரைச் சுற்றிப் பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். பாடம் அட்டைகளாக இருக்கும். யார் எந்தப் படியில் நிற்கிறார்களோ அந்த அட்டையைத் தானே போய் எடுத்துக்கொள்வார்கள். ஒரு வாரம் வராத பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நடவு சமயத்தில் தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கிற பெண்பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வகுப்பில் நின்றவனுக்குத்தான் தெரியும்.

சரி, என்ன ஆயிற்று என்றால், முதலில் எதிர்த்தது பெற்றோர்தான். "சார், புள்ளைங்க சும்மா அட்டையை வச்சு வெளயாடுதுங்க, வீட்டுப் பாடமே இல்ல" என்று வந்து நின்றார்கள். எங்கள் பக்கமும் தப்பு உண்டு, அட்டை எண்ணைப் பதிவேட்டில் ஏற்றுவதே வேலையாகிப் போனது, இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கிற பள்ளியில் அட்டை அட்டையாகத்தான் நகரும். இப்போது ‘எண்ணும் எழுத்தும்’ என்ற திட்டம் வந்திருக்கிறது, அதிலும் சில நல்லவை அப்படியே இருக்கின்றன. உங்கள் ஊர்ப் பள்ளிக்குள் கடைசியாக எப்போது போனீர்கள்?

கும்மோணத்துக்காரி | ஏப்ரல் 21

மற்றதெல்லாம் அப்புறம். கீற்றுக் கொட்டகை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் அடித்துவிடுங்கள் அக்கா.

2004 ஜூலை 16. கும்பகோணம், காசிராமன் தெரு. எனக்கு அப்போது பத்து வயது, நான் வேறு பள்ளி. சத்துணவுக் கூடத்தில் பிடித்த நெருப்பு மேல் மாடியில் போட்டிருந்த கீற்றில் ஏறி 94 பிள்ளைகள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிக்கூடம், ஒரு குறுகல் மாடிப்படி. அன்று எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் பிள்ளை திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கூரையைப் பிரித்தார்கள். இயற்கை, குளிர்ச்சி, பாரம்பரியம் என்று எத்தனை காரணம் சொன்னாலும், பிள்ளைகள் உட்காருகிற இடத்துக்கு மேலே காய்ந்த கீற்று வேண்டாம். பக்கத்திலேயே சமையலும் கற்றுக்கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். படிக்கும்போதே கை நடுங்கியது.

ஓடு போடுங்கள். இரண்டு பக்கமும் வாசல் வையுங்கள். கோபமாக எழுதியதற்கு மன்னிக்கவும், எங்கள் ஊரில் இதைப் பற்றி மெதுவாகப் பேச வராது.

குமாஸ்தா | ஏப்ரல் 22

மேலே சொன்னது மனசாட்சி விஷயம், நான் காகித விஷயம் சொல்கிறேன். ஒரு அறக்கட்டளைக்காகப் பள்ளி அங்கீகாரக் கோப்பைத் தூக்கிக்கொண்டு நான்கு வருஷம் அலைந்தவன்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 18. அங்கீகாரச் சான்று இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது. நடத்தினால் ஒரு லட்சம் வரை அபராதம், நிறுத்தச் சொன்ன பிறகும் நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் வரை. அங்கீகாரம் வேண்டுமென்றால் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று, சுகாதாரச் சான்று, இவை இல்லாமல் கோப்பு நகராது. தனி ஆள் பெயரில் விண்ணப்பிக்க முடியாது, அறக்கட்டளையோ சங்கமோ வேண்டும். இதற்கு மேல் தமிழ்நாட்டின் 2018ஆம் வருஷத் தனியார் பள்ளிகள் ஒழுங்குபடுத்தும் சட்டம் வேறு இருக்கிறது. ஜூனில் தொடங்குவது என்றால் எந்த வருஷ ஜூன் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

"நாங்கள் பள்ளி என்று சொல்லவில்லை, கற்றல் மையம் என்று சொல்கிறோம்" என்று நிறையப் பேர் நடத்துகிறார்கள். வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பதைச் சட்டம் வாய்விட்டு அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஆனால் டி.சி. வாங்கியதும் பிள்ளையின் எமிஸ் எண் (கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். வேறு பள்ளி அதை எடுக்கவில்லை என்றால் இடைநின்ற பிள்ளை என்று கணக்கு. ஆசிரியர்கள் வீடு தேடி வருவார்கள், அவர்களைக் கோபிக்காதீர்கள், அது அவர்கள் வேலை.

பின்னால் வழி இல்லாமலும் இல்லை. எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத பன்னிரண்டரை வயது முடிந்திருந்தால் போதும். பத்தாம் வகுப்புக்கு என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) இருக்கிறது, 14 வயது முடிந்திருக்க வேண்டும், ஐந்து பாடம். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால், 14 வயதுக்குள் எந்த அரசுப் பள்ளியும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும், பிரிவு 4. ஆகப் பிள்ளைக்குப் பாதை அடைபடாது. அலைச்சல் பெற்றோருக்குத்தான்.

மாம்பழம் | ஏப்ரல் 22

ஒரே சந்தேகம். மாந்தோப்பில் பள்ளி வைத்தால் மே மாதம் லீவு விடுவீர்களா மாட்டீர்களா?

களத்துமேடு | ஏப்ரல் 23

நான் சொல்வது கசக்கும். படித்துவிட்டுத் திட்டுங்கள்.

என் அப்பா அம்மா இரண்டு பேரும் வயல் கூலி. எங்கள் வீட்டுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. என்னைப் பள்ளிக்கு அனுப்பியதற்கு ஒரே காரணம், நான் சேற்றில் இறங்கக் கூடாது. ஆறாம் வகுப்பு லீவில் ஆசையாக நாற்றுக் கட்டைத் தூக்கிப் போட்டேன் என்று அப்பா என்னை அடித்தார். வாழ்க்கையில் அவர் அடித்தது அந்த ஒரு தடவைதான். இன்றைக்கு நான் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். இப்போது நீங்கள் பணம் கட்டிப் பிள்ளைகளைச் சேற்றில் இறக்கி "அனுபவக் கல்வி" என்கிறீர்கள். தப்பென்று சொல்லவில்லை. உங்கள் பையன் சேற்றிலிருந்து எப்போது வேண்டுமானாலும் ஏறிக் காலைக் கழுவிக்கொள்ளலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் பதினோரு பிள்ளைகளில் எங்கள் தெருப் பிள்ளை எத்தனை? இல்லை என்றால், ஏன் இல்லை என்று ஐந்து குடும்பமும் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். கூப்பிட்டும் வரவில்லை என்றால் அதற்கும் காரணம் இருக்கிறது. ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவத்தில் 7.5 சதவீத இடஒதுக்கீடு. பொறியியலுக்கும் வேளாண்மைக்கும் அதே கணக்கு. பெண்பிள்ளைக்குக் கல்லூரி போகும்போது மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம், அதற்கும் ஏறக்குறைய அதே விதி. மதியச் சாப்பாடு, பை, புத்தகம். என் அக்கா மகள் உங்கள் தோப்புக்கு வந்து ஆர்வத்தை வளர்த்துக்கொண்டால் இத்தனையும் போகும். ஆர்வம் எங்கள் வீட்டிலும் இருக்கிறது சார், அதை நம்பி இத்தனையையும் விட்டுப் பார்க்கிற அளவுக்கு மடியில் காசு இல்லை.

பள்ளி இப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை என்று எனக்கும் தெரியும். நாகப்பட்டினம் பக்கம் வானவில் என்று ஒரு பள்ளி, சுனாமிக்குப் பிறகு நரிக்குறவர், பூம்பூம் மாட்டுக்காரர் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. யாருக்காக என்று முதலில் முடிவு செய்து, பிறகு எப்படி என்று யோசித்த பள்ளி. நீங்கள் தலைகீழாகப் போகிறீர்கள்.

டெல்டாக்காரன் | ஏப்ரல் 23

எல்லாவற்றிலும் இதைக் கொண்டுவராமல் இருக்க முடியாதா? பாவம், ஒரு தாய் தன் பிள்ளைக்காகக் கேட்கிறார்.

களத்துமேடு | ஏப்ரல் 23

என் அப்பாவும் தன் பிள்ளைக்காகத்தான் அடித்தார் அண்ணே.

நாற்றங்கால் | ஏப்ரல் 24

நாலு நாளாகப் பதில் எழுதவில்லை, கோபம் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் கோபம்தான்.

கும்மோணத்துச் சகோதரி, கீற்று கிடையாது, அன்று இரவே முடிவு செய்துவிட்டோம். நான் திருச்சியில் வளர்ந்தவள், அந்தச் செய்தி தெரியும், ஆனால் தோப்பையும் அதையும் சேர்த்து யோசிக்கவே இல்லை என்பது வெட்கமாக இருக்கிறது.

களத்துமேடு, உங்கள் கேள்விக்குப் பதில்: பூஜ்யம். நாங்கள் யாரையும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை என்று எழுதத் தொடங்கி அழித்துவிட்டேன். யாரையும் கூப்பிடவும் இல்லை. ஐந்து குடும்பத்தில் ஒருவர் "இதெல்லாம் வேண்டாத பேச்சு" என்று வாட்ஸாப்பில் இருந்து விலகிவிட்டார். நான்கு குடும்பம், ஒன்பது பிள்ளைகள்.

இரண்டு பிள்ளைக்காரி | ஏப்ரல் 26

நான் செய்து பார்த்தவள். மூன்று வருஷம். மயிலாடுதுறை பக்கம் என்பதோடு ஊரை விட்டுவிடுகிறேன், கூட இருந்தவர்களோடு இன்னும் பேச்சுவார்த்தை இருக்கிறது. நாங்களும் ஏழு பெற்றோர் சேர்ந்துதான் ஆரம்பித்தோம். பதினான்கு பிள்ளைகளில் தொடங்கி ஆறில் முடிந்தது.

பணக் கணக்கு முதலில். ஆசிரியர் மூன்று பேர், ஆளுக்குப் பதினைந்தாயிரம். வீட்டு வாடகை எட்டாயிரம். சாப்பாடு, பொருள், கரண்ட் என்று ஒரு ஏழு. மாதம் அறுபதாயிரம். இருபது பிள்ளைகள் இருந்தால் தலைக்கு மூவாயிரம், பதினான்கு பேர் என்றால் நாலாயிரத்து முந்நூறு. ஒரு குடும்பம் விலகும்போதெல்லாம் மீதிப் பேர் தலையில் ஏறும், அது ஏறுவதைப் பார்த்து இன்னொரு குடும்பம் விலகும். பதினைந்தாயிரத்துக்கு வந்த பெண் ஆசிரியை அருமையானவர், இரண்டாவது வருஷம் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டார், பாதிப் பள்ளி அவரோடு போனது.

ஆனால் பணத்தால் மூடவில்லை. பெரியவர்கள் சண்டையால் மூடினோம். பிள்ளைகள் என்ன கேட்டாலும் பதில் தேடலாம் என்று ஆரம்பித்தவர்கள், எட்டு வயதுப் பிள்ளைக்கு இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை என்றதும் ராத்திரித் தூக்கம் போய்விட்டது. "தானாக வரும்" என்று ஒரு கட்சி, "ட்யூஷன் வைப்போம்" என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஒளித்து வைத்து ட்யூஷன் அனுப்பினேன், இப்போது சொல்ல என்ன. இன்றைக்குக் கேட்டால், படிக்கக் கற்றுக்கொடுப்பதை மட்டும் தானாக வரும் என்று விடாதீர்கள் என்பேன். படிக்கத் தெரியாத பிள்ளையின் கேள்விக்கு அம்மா வாய்தான் எல்லை, எழுத்து தெரிந்துவிட்டால் அது தானே போய்த் தேடிக்கொள்ளும்.

நல்லதும் சொல்ல வேண்டும். ஒரு ஐப்பசி முழுக்க மழை, வெளியே போக முடியவில்லை. பிள்ளைகள் பாட்டில் வெட்டி மழைமானி செய்து, எங்கள் தெருவில் இன்று எவ்வளவு, செய்தியில் சொன்னது எவ்வளவு என்று சுவரில் எழுதினார்கள். இரண்டும் ஒத்துப் போகவே இல்லை. ஏன் என்று ஒரு மாதம் சண்டை போட்டார்கள். வாய் அகலமான பாட்டில், மரத்தடியில் வைத்தது, ஓட்டுச் சாரலில் வைத்தது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். என் பெரியவள் இப்போது அரசு மேல்நிலைப் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள், கணக்கில் முதல் ஒரு வருஷம் திணறினாள். ஆனால் லேபில் அளவு தப்பாக வந்தால் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுத மாட்டாள், பாத்திரத்தைத் திருப்பிப் பார்ப்பாள். அந்த மழைக்கு அவ்வளவு பலன் இருந்தது.

நேரமிருந்தால் திருவண்ணாமலை மருதம் பண்ணைப் பள்ளி, தருமபுரி பக்கம் புவிதம், இரண்டையும் போய்ப் பாருங்கள். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் தாக்குப் பிடித்தவர்கள். பிள்ளைகளை எப்படி நடத்துகிறார்கள் என்பதை எல்லோரும் கேட்பார்கள், நீங்கள் பெரியவர்கள் எப்படிக் கூடிப் பேசுகிறார்கள் என்று கேளுங்கள்.

கடைமடை | ஏப்ரல் 27

எல்லோரும் சட்டம், சாதி, காசு எல்லாம் பேசியாயிற்று. அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு இத்தனை பேரில் ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

நான் தலைஞாயிறு பக்கம். மேட்டூரில் திறந்தால் கல்லணைக்கு மூன்று நான்கு நாள். 2023இல் ஜூன் 12 திறந்தது, 16 கல்லணையில் பூப் போட்டுத் திறந்தார்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிடுவார்கள், வெள்ளம் வந்தால்தான் கொள்ளிடம். தம்பி ஊருக்குக் காவிரியில் வந்து குடமுருட்டியில் பிரிகிற தண்ணீர். எங்களுக்கு வெண்ணாறு. தென்பெரம்பூரில் ஒரு பிரிவு, நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பில் இன்னொரு பிரிவு, அப்படிப் பிரிந்து பிரிந்து அரிச்சந்திரா நதியில் மிச்சம் இருப்பது நாங்கள். எத்தனை நாள் என்று என்னைக் கேட்டால், வருகிற அன்றைக்குத்தான் தெரியும் என்பேன். உண்மையாகத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஒரு ஆள்தான் இருக்கிறார், உங்கள் ரெகுலேட்டரில் (தண்ணீரைப் பிரித்துவிடுகிற மதகில்) ஷட்டர் ஏற்றி இறக்குகிற லஸ்கர். பையனைக் கூட்டிக்கொண்டு போய் அவரைக் கேட்கச் சொல்லுங்கள். பள்ளிக்கூடமெல்லாம் அப்புறம் கட்டலாம்.

பழைய வாத்தியார் | ஏப்ரல் 27

அடித்தீரே ஒரு அடி. நானும் ஒரு பக்கம் எழுதினேன், தண்ணீரை விட்டுவிட்டேன். வாத்தியார் புத்தி.

அம்மா, லஸ்கரைப் பார்க்கப் போகும்போது சொந்தப் பிள்ளையை மட்டும் கூட்டிப் போகாதீர்கள். ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை என்றால் யார் அனுமதியும் வேண்டாம், பெற்றோர் சரி என்றால் போதும். களத்துமேடு தம்பி சொன்ன 7.5 எங்கேயும் போகாது. மே மாதம் விதை நேர்த்தி வரும், அதையும் விடாதீர்கள். வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வந்து, அடியில் கிடக்கிற முட்டை மேலே வந்து நாலணா அளவு ஓடு தெரிந்ததும் நிறுத்தி, விதை நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், மணி முழுகும். விதையை உடனே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும், இல்லாவிட்டால் முளைப்பு கெடும். முட்டை ஏன் மேலே வந்தது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்கும்வரை நீங்கள் சொல்லாதீர்கள், அதுதான் கஷ்டம், எனக்கு இருபது வருஷம் பிடித்தது.

மா, வேலிக் கணக்கும் போடச் சொல்லலாம். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு குழி 144 சதுர அடி. ஒரு மா எத்தனை சென்ட் என்று வகுத்தால் 33 சொச்சம் வரும். அந்தச் சொச்சத்தில்தான் தாத்தாக்கள் வரப்புச் சண்டை போட்டார்கள் என்று சொன்னால் தசமம் தானாகப் புரியும்.

நாற்றங்கால் | ஜூன் 22

திரும்ப வந்திருக்கிறேன். பள்ளி தொடங்கவில்லை. முடிந்தால் வாழ்த்துங்கள், முடியாவிட்டால் சிரியுங்கள்.

நடந்தது இதுதான். மே முதல் சனிக்கிழமை நான்கு வீட்டுப் பிள்ளைகளோடு ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படிக்கிற ஆறு பிள்ளைகள் வந்தார்கள். அந்த ஆறு பேர் வருவதற்கு நான் மூன்று தடவை அந்தத் தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. முதல் தடவை என்னை உட்காரச் சொல்லவே சங்கடப்பட்டார்கள். இரண்டாவது தடவை டீ கொடுத்தார்கள், குடித்தேன், அது மாமியாருக்குத் தெரிந்து வீட்டில் ஒரு வாரம் வேறு கதை நடந்தது, அதை இங்கே எழுத வேண்டாம். முட்டை விஷயத்தில் வாத்தியார் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு நின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை! பத்துப் பதினைந்து நிமிஷம். அப்புறம் ஒரு குட்டிப் பெண், "அவிச்ச முட்டைன்னா மெதக்குமா?" என்றாள். அவித்துப் பார்த்தோம். அது என் பையன் கேட்ட கேள்வி இல்லை என்று உள்ளுக்குள் ஒரு சின்ன வலி வந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

பையனை அந்த வேன் பள்ளியிலிருந்து எடுத்து ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். தமிழ்வழி. வீட்டுக்காரர் இன்னும் முழுசாகச் சமாதானமாகவில்லை, ஆங்கிலம் என்ன ஆகும் என்று தினமும் கேட்கிறார், நியாயமான கேள்விதான், ராத்திரி அவரே அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்கிறார். தலைமை ஆசிரியை முதலில் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார், யூடியூப் எடுக்க வந்தவள் என்று நினைத்தாராம். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் பெற்றோராக வந்து உட்காருங்கள் என்று இப்போது அவரே சொல்கிறார். சனிக்கிழமைக் கூட்டம் தோப்பில் நடக்கிறது, மரத்தடியில், கூரையே இல்லை. மற்ற மூன்று குடும்பத்தில் ஒன்று வீட்டிலேயே படிக்க வைத்து என்.ஐ.ஓ.எஸ். என்று உறுதியாக இருக்கிறது. இன்னொன்று பழைய பள்ளியிலேயே தொடர்கிறது. "இவ்வளவுக்குத்தானா இத்தனை கூட்டம் போட்டோம்" என்று ஒருவர் கேட்டார். எனக்கும் சில ராத்திரி அப்படித்தான் தோன்றுகிறது, அந்த ஓட்டுக் கட்டடத்துக்கு வரைபடம்கூடப் போட்டு வைத்திருந்தேன்.

தண்ணீர் விஷயம். லஸ்கர் ஐயா பிள்ளைகளை ஷட்டர் சக்கரத்தைத் தொட விட்டார். அவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பதைப் படித்தும் காட்டினார். இந்த வருஷம் ஜூன் 12 மேட்டூர், 15 கல்லணை. எங்கள் வாய்க்காலுக்கு 19ஆம் தேதி மதியம் வந்தது, பிள்ளைகள் போட்ட கணக்கு 18. நுரையும் சருகுமாக முன்னால் ஒரு நாக்கு மாதிரி வருமே, அதோடு நடந்தே வந்தார்கள், ஒருவனுக்குச் செருப்பு போனது.

கடைமடை அண்ணே, உங்கள் ஊருக்கு 27ஆம் தேதி வரும் என்று பையன் கணக்குப் போட்டிருக்கிறான். வந்ததும் இங்கே எழுதுவீர்களா? தினமும் கேட்கிறான்.

களத்துமேடு | ஜூன் 22

அக்கா மகள் எட்டாவது. சனிக்கிழமை எத்தனை மணிக்கு?

நாற்றங்கால் | ஜூன் 22

காலை எட்டரை. சாப்பிட்டுவிட்டு வர வேண்டாம், இங்கே இட்லி உண்டு. ஆனால் எட்டாவது பிள்ளைக்கு எங்களிடம் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, வந்து அவளே பார்த்துச் சொல்லட்டும்.

கடைமடை | ஜூலை 5

தம்பியிடம் சொல்லுங்கள், இன்று விடியற்காலை வந்தது. முழங்கால்கூட நனையவில்லை, ஆனாலும் வந்தது. அவன் போட்ட கணக்கு தப்பில்லை. நடுவில் எங்கேயோ ஒரு ஷட்டர் சாத்தியிருந்தது. எந்த ஷட்டர், யார் சொல்லிச் சாத்தினார்கள் என்று கேட்டால், பதினைந்து வருஷமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.